ஹபரணையில் தங்கி யானையும் பழைய நகரங்களும் பார்க்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் வீடு என்பதால், கண்டிக்கோ கொழும்புக்கோ போகும்போதெல்லாம் ஹபரணைச் சந்தியைத் தாண்டித்தான் போகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் சென்னை, மதுரைப் பக்கமிருந்து வரும் நண்பர்களும் பயணத்துக்கு முன் போன் எடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே விஷயங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

1. ஹபரணையில் பார்க்க என்னதான் இருக்கிறது?

ஊருக்குள் என்றால் அதிகம் இல்லை. ஒரு சந்தி, ஒரு குளம், சாப்பாட்டுக் கடைகள், வரிசையாக நிற்கும் ஜீப்கள், மரங்களுக்குள் தங்குமிடங்கள். அவ்வளவுதான். சந்தி அமைந்திருக்கும் இடம்தான் விசேஷம். ஒரு சாலை தம்புள்ளைக்கு, ஒன்று திருகோணமலைக்கு, ஒன்று பொலன்னறுவைக்கு, இன்னொன்று மரதன்கடவல வழியாக அனுராதபுரத்துக்குப் போகிறது. சிகிரியாப் பாறைக்கோட்டை சுமார் 20 கிலோமீட்டர், தம்புள்ளை 25, பொலன்னறுவை 45, அனுராதபுரம் 60. மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு என்ற மூன்று யானைக் காடுகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

காடு ஒரு நாள், பழைய கட்டடங்கள் ஒரு நாள் என்று பலர் பிரித்துத் திட்டம் போடுகிறார்கள். இந்தப் பகுதியில் இரண்டும் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. மின்னேரியாக் குளம் 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மகாசேன மன்னன் கட்டியது. யானைக் கூட்டம் மேயும் புல்வெளி அந்தக் குளத்தின் அடித்தரைதான். நெல்லுக்காக மனிதர்கள் தேக்கிய தண்ணீர் இன்றைக்கும் வயலுக்குப் போகிறது, யானைக்கும் போகிறது. குளக்கட்டருகே மகாசேனனை மின்னேரியாத் தெய்வமாகவே வைத்துக் கும்பிடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு சஃபாரி போனால் கண்ணில் படுவது அதிகமாகும்.

2. எப்படி வந்து சேர்வது? சொந்த வாகனம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ்கள் ஹபரணைச் சந்தியில் நிற்கும். கண்டியிலிருந்து வருபவர்கள் தம்புள்ளையில் மாறலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் கண்டி பஸ்ஸில் ஏறித் தம்புள்ளையில் இறங்கி, அங்கிருந்து திருகோணமலை அல்லது பொலன்னறுவை பஸ் எடுப்பது எளிது. ரயிலும் உண்டு. கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலை, மட்டக்களப்பு போகும் பாதையில்தான் ஹபரணை நிலையம் இருக்கிறது. அது சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி என்பதால் இரவில் இறங்குவதாக இருந்தால் தங்குமிடத்துக்காரரிடம் ஓட்டோ அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

வந்து சேர்ந்த பின் இடங்களைச் சுற்ற பஸ்ஸை மட்டும் நம்பினால் நேரம் வீணாகும். சிகிரியாவுக்கு ஓட்டோ போதும். பொலன்னறுவைக்கு பஸ்ஸில் போய், அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது எனக்குப் பிடித்த வழி. வயதானவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் வேன் பிடியுங்கள்.

3. ஒரு நாள் போதாதா? காலையில் வந்து இரவு கிளம்பினால்?

போதாது. காலையில் சிகிரியா ஏறி, மதியம் பொலன்னறுவை ஓடி, மாலையில் சஃபாரி என்று ஒரே நாளில் அடுக்குபவர்கள் உண்டு. மூன்றையும் பார்த்ததாகக் கணக்கு இருக்கும், ஒன்றும் மனதில் நிற்காது. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள், மூன்று என்றால் நிம்மதி.

இரண்டு இரவுக்கு நான் சொல்லும் திட்டம் இதுதான். வந்த நாள் பின்னேரம் சஃபாரி. அடுத்த நாள் முழுவதும் பொலன்னறுவை. மூன்றாம் நாள் விடிந்ததும் சிகிரியா ஏறி, இறங்கியதும் தம்புள்ளை வழியாகக் கிளம்பிவிடலாம். மூன்றாவது இரவு கிடைத்தால் அனுராதபுரம் அல்லது ரிட்டிகல.

4. எந்த மாதம் வந்தால் நல்லது?

யானைக் கூட்டத்தைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டால் ஜூலை முதல் அக்டோபர் வரை. அதிலும் ஆகஸ்ட், செப்டம்பர். இது வறண்ட வலயம். வெயில் ஏறி மற்ற நீர்நிலைகள் வற்றும்போது, குளத்திலும் தண்ணீர் பின்வாங்கி அடித்தரையில் பச்சைப் புல் முளைக்கும். புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைப்பதால் சுற்றிலுமுள்ள காடுகளிலிருந்து மந்தைகள் வந்து சேரும். நல்ல வருடத்தில் ஒரே பார்வையில் 150, 200, அதற்கு மேலும் யானைகள் நிற்கும்.

பழைய நகரங்கள்தான் முக்கியம் என்றால் பிப்ரவரி, மார்ச் இதமாக இருக்கும். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சிகிரியாப் படிகளில் மழையோடு ஏறுவது சுகமில்லை. ஜூனில் பொசன் போயா என்ற பௌத்தப் பௌர்ணமித் திருநாள் வரும் வாரம் அனுராதபுரமும் மிகிந்தலையும் யாத்திரிகர்களால் நிரம்பிவிடும். அதைப் பார்க்கவே வருபவர்களுக்குச் சரி, மற்றவர்கள் தள்ளிப் போடுங்கள்.

5. மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு மூன்றில் எதற்குப் போவது?

முன்கூட்டியே ஒன்றை முடிவு செய்யாதீர்கள். இந்த யானைகள் ஒரு பூங்காவில் குடியிருப்பவை அல்ல, தண்ணீரும் புல்லும் இருக்கும் பக்கம் நகர்பவை. பொதுவாக ஜூலையிலிருந்து மின்னேரியா, செப்டம்பர் தாண்டினால் கவுடுல்ல, மழை பிடித்து இரண்டு குளங்களும் நிரம்பிய பின் நவம்பரிலிருந்து மார்ச் வரை ஹுருலு. ஆனால் ஒரு பெரிய மழை பெய்தாலோ மதகு திறந்தாலோ இந்த வரிசை மாறிவிடும்.

மின்னேரியா 1997லும் கவுடுல்ல 2002லும் தேசியப் பூங்கா ஆனவை, இரண்டும் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ். ஹுருலு வனத் திணைக்களத்தினுடையது. குளத்து வெளி இல்லாமல் புதரும் புல்லுமாக இருக்கும். அங்கே கூட்டம் சிறியது, யானை கிட்டத்தில் தெரியும். ஒருநாள் முன்னால் தங்குமிடத்தில் ஒருவரிடமும், சந்தியில் இரண்டு ஜீப்காரர்களிடமும் “நேற்று எங்கே நின்றன?” என்று கேளுங்கள். மூவரும் ஒரே பெயரைச் சொன்னால் யோசிக்காமல் அங்கே போங்கள்.

6. என் தங்கச்சி குடும்பம் ஆகஸ்டில்தான் போனது, பத்து யானைகூடத் தெரியவில்லையாம். ஏன்?

குளம் நிறைந்திருந்திருக்கும். வறட்சிக் காலத்திலும் குளத்தில் தண்ணீர் குறையாவிட்டால் அடித்தரை வெளிப்படாது, புல் முளைக்காது, கூட்டமும் சேராது. அம்பன் கங்கையில் மொறகஹகந்த நீர்த்தேக்கம் வந்த பிறகு, விவசாயத்துக்காக மின்னேரியாவுக்குத் தண்ணீர் விடும் காலமும் அளவும் மாறியிருக்கின்றன. சில வருடங்களில் ஆகஸ்டிலும் புல்வெளி நீருக்குள் கிடந்தது. சூழலியலாளர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து பேசி வருகிறார்கள். விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும், யானைக்கும் புல் வேண்டும். எப்போது எவ்வளவு திறப்பது என்று இரண்டு தரப்பும் சேர்ந்து முடிவெடுத்தால் இந்தச் சிக்கலுக்கு வழி உண்டு என்றே நம்புகிறேன்.

உங்களுக்கு இதில் பயன் என்னவென்றால், மாதத்தை மட்டும் பார்க்காமல் குளம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றும் விசாரியுங்கள். மின்னேரியா நிறைந்திருந்தால் அதே நாளில் வேறு காட்டில் யானை நிற்கக்கூடும்.

7. ஜீப் எப்படிப் பிடிப்பது? ஒருவர் ஒரு விலை, இன்னொருவர் இன்னொரு விலை சொல்கிறார்களே?

ஜீப் வாடகை வேறு, பூங்காக் கட்டணம் வேறு. விலை குழம்புவது இங்கேதான். ஒருவர் சொல்வது வாடகை மட்டும், இன்னொருவர் சொல்வது இரண்டும் சேர்த்து. வாடகை ஆளுக்கு அல்ல, ஜீப்புக்கு. ஒரு ஜீப்பில் ஆறு பேர் வசதியாக உட்காரலாம் என்பதால் இரண்டு பேராக வந்தால் தங்குமிடத்தில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். பூங்காவில் தலைக்குக் கட்டணம், குழுவுக்கு ஒரு சேவைக் கட்டணம், வாகனத்துக்கு ஒன்று, அதன் மேல் வரி என்று சேர்க்கிறார்கள். அதனால் தலைக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வித்தியாசம் பெரியது. இலங்கைக் குடிமக்கள் அடையாள அட்டையை மறக்கக்கூடாது.

“எல்லாம் சேர்த்து எவ்வளவு, எத்தனை மணி நேரம் உள்ளே இருப்போம்?” என்று ஏறுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். மூன்று மணி நேரமாவது உள்ளே இருப்பது நல்லது.

8. காலை சஃபாரியா, மாலை சஃபாரியா?

மின்னேரியாவுக்கும் கவுடுல்லவுக்கும் மாலைதான். பகல் வெயிலில் யானைகள் மரநிழலில் நின்றுவிட்டு, மூன்று மணிக்கு மேல் ஒவ்வொரு குடும்பமாகத் திறந்த வெளிக்கு இறங்கும். காலையில் பறவைகள் நன்றாகத் தெரியும். நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் தண்ணீர் ஓரம் இருக்கும். ஜீப்பும் குறைவு.

யானையைக் கண்டதும் படம் எடுத்துவிட்டு அடுத்ததைத் தேடி ஓடச் சொல்லாதீர்கள். ஒரே குடும்பத்தின் அருகில் இன்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் இருந்து பாருங்கள். முன்னங்காலின் நகத்தால் தரையை உரசிப் புல்லை வேரோடு கிளப்பும். தும்பிக்கையால் சுருட்டி எடுக்கும். உடனே வாயில் போடாது. முழங்காலில் இரண்டு மூன்று முறை தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் போடும். குட்டிக்கு அந்தத் தட்டுதல் இன்னும் கைவராது, பாதிப் புல் கீழே சிந்தும். தாய்க்கு அடியில் நின்றுகொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும்.

9. சிறுத்தை, கரடி வருமா? கொம்பன் யானை தெரியுமா?

இரண்டும் இந்தக் காடுகளில் உண்டு, கண்ணில் படுவது அபூர்வம். சிறுத்தைக்காகவே வருபவர்கள் வில்பத்துவுக்கோ யாலவுக்கோ போக வேண்டும். இலங்கை ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வருபவர்கள் தந்தமில்லாததை எல்லாம் பெண் என்று நினைத்துவிடுகிறார்கள். தனியாக, தலை புடைத்து, உயரமாக நிற்பது பெரும்பாலும் ஆண்.

10. அம்மாவுக்கு முழங்கால் வலி. சிகிரியா ஏற முடியுமா?

உச்சி வரை சுமார் 1,200 படிகள். பாதி வழி வரை மெதுவாக ஏறலாம். சிங்கப் பாதங்களைத் தாண்டிய பின் இரும்புப் படிகள் பாறையை ஒட்டிச் செங்குத்தாகப் போகின்றன. முழங்கால் வலியோடு அதை ஏறவைக்க வேண்டாம், இறங்குவது இன்னும் கஷ்டம். ஆனால் அம்மாவை அறையில் விட்டுவிட்டும் போகாதீர்கள். 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த நீர்த்தோட்டம் சமதரையில்தான் இருக்கிறது. அகழி, தடாகங்கள், மழைக்காலத்தில் இன்றும் தண்ணீர் பீறிடும் ஊற்றுகள் என்று அங்கேயே ஒரு மணி நேரம் போகும். அருங்காட்சியகமும் நன்றாக இருக்கிறது.

ஏறுபவர்கள் திறந்த உடனே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். குளவிக் கூடுகள் பாறையில் உண்டு, அமைதியாகப் போகச் சொல்லும் பலகைகளை மதியுங்கள். ஓவியங்கள் இருக்கும் இடத்தில் படம் எடுக்க அனுமதி இல்லை.

11. சிகிரியாவுக்கு அவ்வளவு டாலர் கொடுக்க வேண்டுமா? பக்கத்துப் பாறையில் ஏறினால் போதாதா?

வெளிநாட்டவருக்கு 30 டாலருக்கு மேல் ஆகிறது என்பது உண்மைதான். இந்தியா உட்பட சார்க் நாட்டவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோனால்தான் கிடைக்கும். பக்கத்தில் இருப்பது பிதுரங்கல. கட்டணம் மிகக் குறைவு, உச்சியிலிருந்து சிகிரியாப் பாறை முழுதாகத் தெரியும். கடைசியில் பெரிய பாறைகளுக்கு இடையில் கையூன்றி ஏற வேண்டும், அதனால் சேலை கட்டியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சரிவராது. அடிவாரத்தில் விகாரை இருப்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

முதல் தடவை வருபவர் என்றால் சிகிரியாவையே பாருங்கள். ஓவியங்களும், கண்ணாடிச் சுவரில் பழங்காலத்துப் பயணிகள் எழுதிவிட்டுப் போன பாடல்களும் வேறெங்கும் இல்லை. ஏற்கெனவே ஏறியவர்களுக்குப் பிதுரங்கல.

12. பொலன்னறுவையில் சோழர் கட்டிய கோயில் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் கூரையோடு. தமிழர்கள் இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு மனது கேட்காது. முதலாம் ராஜராஜன் படை 993இல் அனுராதபுரத்தை வீழ்த்திய பின், சோழர் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றும் வரை அதுவே அவர்களுடைய மையம். அக்காலத்தில் எழுந்த வானவன்மாதேவி ஈஸ்வரம்தான் இன்று ‘இரண்டாம் சிவ தேவாலயம்’ என்று பலகையில் இருப்பது. நகரில் நிற்கும் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. முழுக்கக் கல், சின்னது. சுவரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஓடுகிறது, வெளியே நந்தி. பபலு விகாரைக்கு அருகில் இருக்கிறது. வண்டிக்காரர்கள் பலர் நிறுத்தாமல் தாண்டிவிடுவார்கள், நீங்கள்தான் கேட்டு நிறுத்த வேண்டும். ‘முதலாம் சிவ தேவாலயம்’ அதற்குப் பிந்தியது, பாண்டிய பாணி. எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

இன்னொன்று, புனித நாற்கர முற்றத்தில் அட்டதாகே என்ற இடிபாட்டுக்கு அருகில் நிற்கும் வேளைக்காரர் கல்வெட்டு. தமிழில் எழுதப்பட்ட பெரிய பலகைக் கல். விஜயபாகு எழுப்பிய புத்தரின் பல் பேழைக் கோயிலைத் தாங்கள் காப்போம் என்று தமிழ்ப் படைவீரர்களான வேளைக்காரர்கள் உறுதி சொல்கிறார்கள், அந்தக் கோயிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று பெயரும் தருகிறார்கள். சோழரை வென்ற மன்னனுடைய கோயிலுக்குத் தமிழ்ப் படை காவல். இந்தத் தீவின் வரலாறு இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றதல்ல என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

கல் விகாரையின் நான்கு சிலைகளைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் அருங்காட்சியகத்துக்குப் போனால் கட்டடங்கள் முழுதாக இருந்தபோது எப்படி இருந்தன என்று மாதிரி உருவங்கள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் வெறும் தூண்களும் அர்த்தமாகும்.

13. அனுராதபுரத்தையும் சேர்க்கலாமா? ரிட்டிகல என்று ஏதோ சொன்னீர்களே?

அனுராதபுரத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும், பொலன்னறுவையோடு ஒரே நாளில் சேர்க்காதீர்கள். ரிட்டிகல வேறு மாதிரி இடம். மலையடிக் காட்டுக்குள் பழைய தியான மடாலயம். சிலை இல்லை, ஓவியம் இல்லை. அறுத்த கல்லால் பாவிய நடைபாதை மரங்களுக்கு இடையே ஏறிப் போகிறது, வழியில் வற்றிய பெரிய தடாகமும் கல் மேடைகளும். கூட்டமே இருக்காது. அங்கே ஒரு காலை செலவிடுவது சிகிரியா நெரிசலுக்குப் பின் நல்ல ஆறுதல். மழைக்காலத்தில் அட்டை இருக்கும், கல்லும் வழுக்கும்.

14. விகாரைகளில் என்ன உடை? நாங்கள் இந்துக்கள், போகலாமா?

தாராளமாகப் போகலாம். பிதுரங்கலவுக்குச் சொன்ன உடைதான் எல்லா இடத்துக்கும். செருப்பைக் கழற்ற வேண்டும், மதியத்தில் கல் சுடும், காலுறை கொண்டுபோங்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது இங்கே பெரிய அவமரியாதை. பழைய இடிந்த சிலையானாலும் அப்படித்தான்.

15. தமிழ் பேசினால் புரியுமா? மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா?

ஊர் சிங்கள ஊர். ஆனால் திருகோணமலைச் சாலை என்பதால் சந்திக் கடைகளில் ஓரளவு தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். ஓட்டுநர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். சோறும் கறியும் விற்கும் கடைகளில் பருப்பு, மரக்கறி, சம்பல் எப்போதும் உண்டு. கறியில் மாசிக்கருவாடு போட்டிருப்பார்கள், சுத்த சைவம் என்றால் “உம்பலகட எப்பா” என்று முதலிலேயே சொல்லுங்கள். போயா நாளில் மதுவும் இறைச்சியும் விற்க மாட்டார்கள்.

16. இரவில் வண்டி ஓட்டலாமா? கொசு, காய்ச்சல் பயம் உண்டா?

இரவு ஓட்டத்தைத் தவிருங்கள். திருகோணமலைச் சாலையிலும் பொலன்னறுவைச் சாலையிலும் யானை குறுக்கே நிற்கும், வளைவில் கடைசி நொடி வரை தெரியாது. 2025 பிப்ரவரியில் ஹபரணைக்கு அருகே ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. பகலில் சாலையோரம் நிற்கும் யானைக்குப் பழம் போடாதீர்கள். பழகிய யானை அடுத்த வண்டியின் கண்ணாடிக்குள் தும்பிக்கையை விடும், பிறகு அதற்கும் ஆபத்து, மனிதருக்கும் ஆபத்து.

மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சான்று தந்தது. டெங்கு உண்டு, அதனால் பகலிலும் கொசு மருந்து பூசுங்கள்.

17. பிள்ளைகள் யானைச் சவாரி கேட்கிறார்கள். பாவமா?

பாவம்தான் என்பது என் கருத்து. நாள் முழுக்கச் சங்கிலியும் இருக்கையும் சுமந்து வெயிலில் நடக்கும் யானையின் மேல் ஏற்றுவதற்குப் பதில், 8ஆம் பதிலில் சொன்ன புல் தட்டும் குட்டியைக் காட்டுங்கள். மாட்டு வண்டியில் போய், குளத்தில் தோணி ஏறி, ஒரு வீட்டில் சாப்பிடும் கிராமச் சுற்றுலாவும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

18. சஃபாரியும் தொந்தரவுதானே? இருபது ஜீப் சுற்றி நின்றால் யானைக்கு எப்படி இருக்கும்?

நியாயமான கேள்வி. கூட்டம் சேரும் மாதங்களில், விடுமுறை நாட்களில், சில நேரம் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். அதற்காகப் போகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காடு உயிரோடு இருப்பதால் தங்கள் பிழைப்பு நடக்கிறது என்று ஊர் மக்கள் உணர்வது யானைக்கும் நல்லதுதான். வார நாளில் போங்கள். மின்னேரியாவில் நெரிசல் என்றால் 5ஆம் பதிலில் சொன்னபடி மற்ற காடுகளை விசாரியுங்கள்.

யானை காதை விரித்துத் தலையைத் தூக்கினால், மண்ணை எத்தினால், பெரியவை நெருங்கிக் குட்டியை நடுவில் மறைத்தால், வண்டி கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். ஓட்டுநர் நெருங்கிப் போவது பெரும்பாலும் நாம் சந்தோஷப்படுவோம், கையில் கூடுதலாக ஏதாவது கொடுப்போம் என்பதற்காகத்தான். அதனால் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: தூரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துக் காத்திருந்தால் அதற்குத்தான் நாங்கள் கூடக் கொடுப்போம் என்று. உள்ளே மறந்துபோனால் நினைவூட்ட “லங்கட்ட யன்ன எப்பா” என்றால் போதும். கிட்டப் போக வேண்டாம் என்று புரிந்துகொள்வார்.